மிதவை ஏன் ஆடியது

செப்டம்பர் 6, புதன்

எழும்பூரில் இறங்கும்போதே முதுகு பிடித்துக்கொண்டது. ராயபுரத்தில் வழக்கமான மாடி அறைதான். பவதாரணி நேற்றே கடலூரிலிருந்து வந்து ஜன்னலோரக் கட்டிலைப் பிடித்துவிட்டாள். நான் முகத்தைச் சுளித்ததும் தலையணையைத் தூக்கிக்கொண்டு மறு கட்டிலுக்குப் போய்விட்டாள். நாலு வருஷமாக எந்தப் போட்டிக்குப் போனாலும் ஒரே அறையில் தங்குகிறோம். இவளோடு சண்டை போடவும் முடிவதில்லை.

இந்த நோட்டு கோச் சொன்னதால். தினமும் காற்று, அலை, செய்த தப்பு, இந்த மூன்றையும் எழுத வேண்டுமாம். போன வருஷ நோட்டை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். ஒற்றை ஆள் பாய்மரப் படகு, பெண்கள் பிரிவு, பதினைந்து பேர், ஆறு ரேஸ். மொத்தத்தில் முதலாவது வருகிற ஒருத்தி மட்டும் நவம்பரில் ஓமனில் நடக்கும் போட்டிக்குப் போவாள். இரண்டாவது வருகிறவளுக்கு ஒரு கோப்பை. அந்தக் கோப்பை என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றில் அம்மா சீப்பு போட்டு வைத்திருக்கிறாள். எனக்கு இருபத்தேழு வயது. நான் பி.டி. டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடும்போது ஹெச்.எம். சிஸ்டர், "இதுதான் கடைசி, டெல்பின்" என்றார். நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓமனுக்குப் போக வேண்டும். வேறு எதுவும் இப்போது வேண்டாம்.

செப்டம்பர் 7, வியாழன்

காற்று: தென்கிழக்கு, பன்னிரண்டு நாட் வேகம். அலை: குட்டை. தப்பு: பாய்க்கயிற்றின் வால்.

பாயை இழுத்து இழுத்து விடுகிற கயிற்றில் மிச்சம் வருகிற நுனியைப் படகுக்குள் சுருட்டிப் போட வேண்டும். நான் போடுவதில்லை. அது பின்பக்கமாகத் தண்ணீரில் விழுந்து இழுபட்டுக்கொண்டே வரும். கோச் படகிலிருந்து கத்தினார்: "டெல்பின், பின்னால வால் தொங்குது. என்னைக்காவது ஒரு நாள் அது எதுலயாவது மாட்டப்போவுது, பாரு." பதினொரு வருஷமாகத் தொங்குகிறது, ஒன்றிலும் மாட்டவில்லை என்றேன். அவர் அடுத்த படகைப் பார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் கீழ்வீட்டு ஷெரிபா அக்கா இறால் வைத்துப் பொரித்த வாடா கொண்டுவந்தார். எங்கள் விளையாட்டு என்ன என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார். பவாதான் தரையில் மூன்று டம்ளரை வைத்து விளக்கினாள். இதெல்லாம் மிதவைங்கக்கா, கடல்ல நட்டு வச்சிருப்பாங்க, இதச் சுத்திச் சுத்தி வரணும், மேல படக்கூடாது.

"பட்டா?"

"பட்டா நாமளே தள்ளிப் போயி படகோட ஒரு முழுச் சுத்து சுத்திட்டு அப்புறம் ஓட்டணும். அதான் தண்டனை. அதுக்குள்ள நாலஞ்சு பேர் முந்திருவாங்க."

"யாரு விசில் ஊதுவா?"

"யாரும் இல்லக்கா. நாமளேதான்."

ஷெரிபா அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். "அப்ப எவ சுத்துவா? நான்லாம் சுத்தமாட்டேன்ம்மா." பவாவும் சிரித்தாள். வாடாவில் இறால் தாராளம். எனக்கு ஐந்து.

செப்டம்பர் 8, வெள்ளி

காற்று பதினான்கு நாட். அலை ஓரளவு. தப்பு: முதல் ரேசில் கிளம்பும்போது இரண்டு நொடி தாமதம்.

ரேஸ் 1: பவா முதல், நான் இரண்டாவது. ரேஸ் 2: நான் முதல், பவா இரண்டாவது. மற்ற பதின்மூன்று பேரும் எங்களுக்குப் பின்னால் வேறு ஏதோ போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள்.

முதல் இடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாம் இடத்துக்கு இரண்டு, இப்படியே போகும். கடைசியில் யாருக்குக் குறைவோ அவள் ஜெயித்தாள். ஆறு ரேசும் முடிந்ததும் அவரவருடைய மோசமான ரேஸ் ஒன்றைக் கழித்துவிடுவார்கள். யாருக்கும் ஒரு கெட்ட நாள் உண்டு என்று நினைத்துச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

அம்மா போன் செய்தாள். "ஏட்டி, வெயில்ல கருத்துப் போகாத, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போ" என்றாள். ஜெயித்தேனா என்று கேட்கவில்லை. பயம்.

செப்டம்பர் 9, சனி

காற்று பதினாறு நாட். அலை அதிகம். செய்த தப்பு: ஒன்றுமில்லை.

ரேஸ் 3: பவா முதல், நான் இரண்டு. ரேஸ் 4: நான் முதல். பவா ஏழு.

கை கொப்புளம். தூங்கப் போகிறேன்.

அதே நாள்

தூக்கம் வரவில்லை. இன்னும் மணி எட்டுகூட ஆகவில்லை, எப்படி வரும்.

ரேஸ் 4 பற்றி எழுத வேண்டும். முதல் மிதவைக்கு பவா முன்னால், நான் அவள் பின்னால் அரைப் படகு தூரத்தில். அவள் ஒட்டித் திரும்பினாள். அவளைப்போல் மிதவையை ஒட்டித் திரும்ப இந்தக் கடற்கரையில் ஆள் கிடையாது. நானும் பின்னாலேயே திரும்பினேன். அப்போது மிதவை ஒரு பக்கமாக அமுங்கி எழுந்து ஆடியது. பவா திரும்பிப் பார்த்தாள். "சே" என்றாள். காதில் விழுந்தது. உடனே ஒதுங்கிப் போய் ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் போய்விட்டேன். ரேஸ் நடக்கும்போது நின்று என்னவென்று விசாரிக்கவா முடியும். அலையும் அதிகம். அலையில் மிதவை ஆடத்தான் செய்யும்.

கரையில் படகை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து கேட்டாள். "அக்கா, நீங்க பின்னாலதான வந்தீங்க. நான் இடிச்சேனா? எனக்கு இடிச்ச மாதிரியே தெரியல. ஆனா மிதவை ஆடுச்சு."

"தெரியல, பவா. நான் பாயப் பாத்துட்டு இருந்தேன்" என்றேன்.

"என் பின்பக்கம்தான் பட்டுருக்கும்" என்று சொல்லிக்கொண்டே என் படகுக்கும் சேர்த்துத் தண்ணீர் அடித்துவிட்டுப் போனாள்.

பாய்க்கயிற்றின் வாலில் ஒரு முடிச்சுப் போட்டுப் படகுக்குள்ளேயே கட்டிவைத்தேன். கோச்சுக்கு சந்தோஷமாக இருக்கும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

காற்று: இல்லை. அலை: இல்லை. நாள் முழுக்கக் கரையில் உட்காரவைத்துவிட்டு மூன்று மணிக்கு "இன்று ரேஸ் இல்லை" என்றார்கள்.

காலையில் பூசைக்குப் போனேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். நேரமாகிவிடும் என்று வந்துவிட்டேன். காற்று இல்லாத நாளில் எனக்கு என்ன அவசரம் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

துணி துவைத்தேன். கையுறையைத் தைத்தேன். பவா மொட்டைமாடியில் சாக்பீசால் மிதவையும் படகும் வரைந்து, நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வந்து, "எனக்கு என் படகோட பின்பக்கம் எங்க முடியுதுன்னே தெரியல போலக்கா. ஆறு வருஷமா ஓட்டுறேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சரி. எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

அவள் இடிக்கவில்லை. என் கயிற்றின் வால் மிதவையில் மாட்டி இழுத்தது. திரும்பியதும் கயிறு கையில் வெட்டி இழுத்தது, குனிந்து பார்த்தேன், மிதவை அமுங்கியிருந்தது. பிறகு கயிறு தானாக விடுபட்டது. ஒரு நொடி. கயிறுதானே, படகு இல்லையே என்று நினைத்தேன். ஆனால் படகில் இருக்கிற எது பட்டாலும் பட்டதுதான். இதைப் போன மே மாதம் சின்னப் பிள்ளைகளுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். சுற்றத்தான் போனேன். அதற்குள் பவா சுற்ற ஆரம்பித்துவிட்டாள். எதிரே கடல் காலியாக இருந்தது. முன்னால் ஒருத்தி இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. ரேஸ் முடிந்த பிறகும், "நான் விதியை மீறினேன், இந்த ரேசிலிருந்து விலகுகிறேன்" என்று ஜூரியிடம், அதாவது நடுவர் குழுவிடம், எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் அந்த ரேசுக்குக் கடைசி ஆளைவிட ஒன்று கூட, பதினாறு புள்ளி விழும். ஆனால் மோசமான ஒன்றைத்தான் கழிக்கிறார்களே. இன்னும் இரண்டு ரேசையும் நன்றாக ஓட்டிவிட்டுக் கடைசி நாளில் எழுதிக் கொடுத்தால் அந்தப் பதினாறு கழிந்துபோகும். பவாவுக்கும் அந்த ஏழு கழிந்துவிடும். யாருக்கும் ஒன்றும் கெடவில்லை. உண்மையும் சொன்ன மாதிரி, ஓமனும் போன மாதிரி.

இதைக் கண்டுபிடித்ததும் நன்றாகப் பசித்தது. இரண்டு பரோட்டா.

செப்டம்பர் 11, திங்கள்

காற்று தென்கிழக்கு, பன்னிரண்டு. அலை குட்டை. தப்பு: பிறகு எழுதுகிறேன்.

ரேஸ் 5: நான் முதல், பவா இரண்டு.

முதல் மிதவையில் பவாதான் முன்னால். ஆனால் ஏனோ ரொம்ப அகலமாகத் திரும்பினாள். மிதவைக்கும் அவள் படகுக்கும் நடுவே ஒரு ஆட்டோவே போகலாம். நான் உள்ளே புகுந்துவிட்டேன். மூன்றாவது மிதவையிலும் அப்படியே.

கரையில் செங்கேணி அண்ணன் மோட்டார் படகைக் கட்டிக்கொண்டிருந்தார். மிதவைகளை நங்கூரம் போட்டு நட்டு வைப்பது அவர் வேலை. "டெல்பின் மேடம், சனிக்கிழமை அந்த பவா பொண்ணு எதுக்கு சுத்துச்சு? நான் அந்தாண்டதான் நின்னேன். மிதவைக்கும் அதுக்கும் ஒரு அடி கேப்பு இருந்துச்சு. அப்பால உங்க பாய் மறைச்சிருச்சு."

"அவளுக்குப் பட்ட மாதிரி தோணிருக்கும்ண்ணே."

"இன்னாத்த தோணுறது. நல்லா ஓட்டிக்கினு இருந்த பொண்ணு" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார்.

பவா இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டாள். "மிதவை கிட்ட வந்தாலே கை தானா வெளிய திருப்புதுக்கா. பயமா இருக்கு."

"சரியாயிடும்" என்றேன். நாளை ஒரு நாள்தான். நாளை எழுதிக் கொடுத்துவிடுவேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

பிற்பகல் 3.40, கிளப்பில் பெண்கள் உடை மாற்றும் அறை.

ரேஸ் 6: கோவாப் பெண் ஒருத்தி முதல். பவா இரண்டு. நான் ஆறு.

கிளம்பிய ஐந்தாவது நிமிடமே படகு நகர மறுத்தது. பாயைக் குறை சொன்னேன், காற்றைக் குறை சொன்னேன். ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த பவா திரும்பிப் பார்த்து, "அக்கா, சுக்கான்ல வலை! பின்னால வலை மாட்டிருக்கு!" என்று கத்தினாள். அறுந்த மீன்வலைத் துண்டு ஒன்று சுக்கானில் சுற்றியிருந்தது. படகை நிறுத்திப் பிடுங்கிப் போட்டபோது நான் பதின்மூன்றாவது. ஏழு பேரைத் திருப்பிப் பிடித்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக ஓட்டியதில்லை.

கடைசி மிதவையிலும் பவா அகலமாகத்தான் திரும்பினாள். கோவாப் பெண் உள்ளே புகுந்தது அங்கேதான்.

பலகையில் கணக்கு ஒட்டிவிட்டார்கள். இன்றைய ஆறு கழிந்து எனக்கு ஏழு புள்ளி. பவாவுக்கு எட்டு. ஒரே புள்ளியில் நான் முதல்.

எழுதிக் கொடுத்தால் பதினாறைத்தான் கழிக்க முடியும். இன்றைய ஆறு என் தலையில் நிற்கும். பன்னிரண்டு புள்ளி.

என் ஏற்பாட்டை ஒரு வலைத் துண்டு வந்து கெடுத்துவிட்டது. சும்மா கிடைக்கிற நேர்மை என்றால் கொடுத்திருப்பேன். விலை வந்ததும் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அசிங்கமாக இருக்கிறது.

பவா ஓடிவந்து ஈரத்தோடு கட்டிப் பிடித்தாள். "மூணாவது தடவையில புடிச்சிட்டீங்கக்கா" என்றாள். அழுதுகொண்டிருந்தாள், அதோடு நிஜமாகவே சந்தோஷமாகவும் இருந்தாள். அவள் பிடித்த இடத்தில் சட்டை இன்னும் ஈரம்.

நாலே காலுக்கு ஜூரி அறையை மூடிவிடுவார்கள். அம்மாவுக்கு இன்னும் போன் செய்யவில்லை.

நான்கு மணி ஆகிறது.

இரவு, ராயபுரம்

அந்தப் படிவம் அரைப் பக்கம்தான். பாய் எண், ரேஸ் எண், காரணம், கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் "கயிறு மிதவையில் பட்டது, தண்டனைச் சுற்று எடுக்கவில்லை" என்று எழுதினேன். ஜூரித் தலைவர் ரத்னாவதி மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாராவது உன் மேல புகார் குடுக்கப்போறதா சொன்னாங்களா?"

"இல்ல மேடம்."

"ரிசல்ட் பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"பத்து நிமிஷம் இருக்கு. வெளில போயி யோசிச்சிட்டு வரியா?"

"மூணு நாளா யோசிச்சாச்சு மேடம். அதான் தப்பு."

அவர் முத்திரை வைத்தார். புதிய கணக்கு ஒட்டினார்கள். பவா எட்டு. நான் பன்னிரண்டு. மூன்றாவது முறையும் இரண்டாவது.

என்னைச் சுற்றி நின்று எல்லாரும் கை கொடுத்தார்கள். கோச் முதுகில் தட்டினார். ஒருவர் போட்டோகூட எடுத்தார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பவா மட்டும் வரவில்லை. படகு நிறுத்துகிற இடத்தில் தனியாக நின்றாள். நான் போனேன்.

"சனிக்கிழமை கேட்டேன்ல" என்றாள்.

"கேட்ட."

"தெரியலன்னீங்க."

"ஆமா."

"மூணு நாளா எங்க இடிச்சேன், எங்க இடிச்சேன்னு அதையே நினைச்சிட்டு இருந்தேன். மாடியில கோடு போட்டு நடந்தேன், நீங்க பாத்துட்டுதான இருந்தீங்க. மிதவையக் கண்டாலே பயம் வந்துருச்சு. நேத்தும் இன்னைக்கும் அதுலதான் போச்சு." குரலை உயர்த்தவே இல்லை. "நாலாவது ரேசுக்கு எழுதிக் குடுத்துட்டீங்க. இந்த ரெண்டுக்கும் எந்த ஃபாரத்துலக்கா எழுதிக் குடுப்பீங்க?"

அப்படி ஒரு படிவம் கிடையாது. ஐந்தாவது ரேசை நான் எப்படி ஜெயித்தேன் என்று எனக்கு நேற்றே தெரியும். அதனால்தான் நேற்று தப்பு என்ற இடத்தில் "பிறகு எழுதுகிறேன்" என்று விட்டுவைத்தேன். இப்போது எழுதுகிறேன். கயிறு பட்டது ஒரு நொடித் தப்பு. "தெரியல" என்று சொன்னது மூன்று நாள் தப்பு.

பரிசு வாங்கும்போது பவா என் பக்கம் திரும்பவில்லை. நான் அறைக்கு வந்தபோது அவள் பை இல்லை. கடலூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாளாம், ஷெரிபா அக்கா சொன்னார். கட்டில் விரிப்பை மடித்து வைத்திருந்தாள், என்னுடையதையும் சேர்த்து.

செப்டம்பர் 13, புதன்

ரயில். கீழ் பர்த். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏட்டி, யாரும் பாக்கலன்னா நீயா எதுக்குப் போயிச் சொன்ன?" என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திவிட்டு, "சரி, சாப்பிட்டியா?" என்றாள்.

பவாவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் அடித்தேன். படித்துப் பார்த்தால் என்னைப் பற்றியே இருந்தது. அழித்துவிட்டு இதை மட்டும் அனுப்பினேன்: "நீ இடிக்கல. ஒரு அடி தள்ளித்தான் போன. செங்கேணி அண்ணனும் பாத்திருக்காரு. உன் கை சரியாத்தான் இருக்கு."

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்புக்கு கோ-கோ ஆட்டம். சிஸ்டர் விசாரித்தார். மறுபடியும் இரண்டாவது என்றேன். கோப்பையை அம்மா அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டாள், கரண்டி போட.

செப்டம்பர் 22, வெள்ளி

மதியம் பவாவிடமிருந்து: "காலாண்டு லீவு எப்பக்கா? ஓமனுக்கு முன்ன கூட ஓட்ட ஆள் வேணும். வேற யாரும் என் வேகத்துக்கு வரல."

அடுத்த வாரம் என்று போட்டேன். பிறகு:

"கோவம் போயிருச்சுன்னு நினைக்காதீங்க. ஜன்னல் கட்டில் எனக்கு."

செப்டம்பர் 30, சனி. ராயபுரம்

மூன்று நாளாக ஒரு மிதவையை நட்டு வைத்துக்கொண்டு அதையே சுற்றுகிறோம். செங்கேணி அண்ணன் காசு வாங்காமல் வந்து நிற்கிறார். பவா தேவைக்கு மேல் பேசுவதில்லை. முதல் நாள் அத்தனை முறையும் அகலமாகத் திரும்பினாள், அத்தனை முறையும் நான் உள்ளே புகுந்தேன். விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் அது இன்னொரு பொய். நேற்று பாதிக்குப் பாதி.

இன்று காலை பதினொன்றாவது சுற்று. இரண்டு பேரும் சேர்ந்தாற்போல மிதவைக்கு வந்தோம். அவள் கை வெளியே திரும்பும் என்று எதிர்பார்த்து நான் உள்பக்கம் பார்த்தேன். இடம் இல்லை. ஒரு சாண் விட்டு வழித்துக்கொண்டு போனாள். போகும்போது திரும்பி மிதவையைப் பார்க்கவும் இல்லை.

காற்று: தென்கிழக்கு, பத்து நாட். அலை: குட்டை. மிதவை ஆடவில்லை. செய்த தப்பு: வெளிப்பக்கம் மாட்டிக்கொண்டேன்.